முனியாண்டிக்கு வைத்த போத்தல்

அந்தப் போத்தல் கண்டிக்கு வந்தது, காலில் போடும் ஒரு கம்பளி மேஸுக்குள். தேனிலவுக்கு வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று, ஹோட்டலுக்கு வந்து இறங்கியதுமே பெட்டியைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வரவேற்பு மேசையில் வைத்தது. "இங்கே ராஜ் என்று ஒருவர் இருக்கிறாராமே, அவரிடம் கொடுக்கச் சொன்னார்கள்" என்றது.

மேசையில் இருந்த அஸ்ஃபர் பார் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, உங்களுக்கு ஸ்கொட்லாந்துல இருந்து மேஸ் வந்தீக்கி. ஒத்தக் காலுக்குத்தான்."

ராஜலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேஸைப் பிடித்துப் பார்த்ததும் உள்ளே என்ன என்று புரிந்துவிட்டது. கழுத்துவரை உருவினார். கறுப்புக் கண்ணாடி. மூடியின் மேல் கறுப்பு மெழுகு ஊற்றி அடைத்திருந்தார்கள். அவர் மறுபடி மேஸை ஏற்றிவிட்டு, குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தொறந்து பாக்க இல்லையா?" என்றான் அஸ்ஃபர்.

"தொறந்தா குடிக்கணும்."

"அதுவும் சரிதான்" என்றான் அஸ்ஃபர். "இந்த பார்ல நிக்கிற ஆளும் குடிக்கிற இல்ல. பக்கத்து மேசையில இருக்கிற நானும் குடிக்கிற இல்ல. ரெண்டு பேரும் சேந்து எப்படித்தான் இதக் கொண்டுபோறோமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

ராஜலிங்கம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஐம்பது வயது தாண்டியும் இன்னும் அங்கே, தொழிலாளர்களின் லயத்து வரிசை அறைகளை இடித்துக் கட்டிய சின்ன வீட்டில்தான் இருக்கிறார். தோட்ட வேலையை விட்டு இளம் வயதிலேயே டவுனுக்கு இறங்கி, முதலில் பாத்திரம் கழுவி, பிறகு மேசைக்குப் பரிமாறி, கடைசியில் குளத்தைப் பார்த்தாற்போல மேட்டில் இருக்கும் இந்த ஹோட்டலில் பார்மேன் ஆனார். வருகிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும். அவர் ஊற்றுவதைவிட அவர் சொல்வதைக் கேட்கத்தான் பலர் பார் கதிரையில் ஏறி உட்கார்வார்கள்.

அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவருடையது அல்ல. அவரிடம் ஒரு வேலைமுறை இருந்தது. ஒரு விருந்தாளி ஒரு பானத்தைக் குடித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பார். "இது பழைய தோல் பையை மோந்த மாதிரி இருக்கிறது" என்று ஒரு ஜெர்மன்காரர் சொன்னால் அதை மனதில் போட்டுக்கொள்வார். அடுத்த வாரம் வருகிற ஆஸ்திரேலியாக்காரர் "இது எப்படி?" என்று கேட்டால், "கொஞ்சம் பழைய தோல் பை வாசம் இருக்கும் சேர்" என்பார். அவர் குடித்துப் பார்த்து, "அட, ஆமாம்" என்று தலையாட்டுவார். ஒருவர் வாயிலிருந்து எடுத்து இன்னொருவர் காதில் ஊற்றுவதுதான் வேலை. அதை அவர் பிசகில்லாமல் செய்தார்.

முன்பு அப்படி இல்லை. முன்பு அவர் நன்றாகக் குடிப்பார். எல்லாரும் போலத்தான், சாராயம். வேலை முடிந்து மலை ஏறும்போது தவறணையில் நின்று குடிப்பார். விடிந்தால் மிச்சத்தையும் குடிப்பார். மகள் சர்மிளாவை உயர்தர வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளில், அப்பா வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். ராஜலிங்கம் காலையிலேயே கொஞ்சம் போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்கி, பஸ் மாறும் இடத்தில் எந்த பஸ் என்று பாராமல் ஏறி உட்கார்ந்து தூங்கிப்போனார். எழுந்தபோது பஸ் வேறு திசையில் கலகெதர வந்திருந்தது. கொண்டக்டர் தோளைத் தட்டி, "மஹத்தயா, எங்க இறங்கணும்?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை தனியாக நின்றது. மனைவி பாலம்மாவுக்கு யாரோ போன் பண்ண, அவர் சமைத்துக்கொண்டிருந்த கையோடு, மஞ்சள்கூடக் கழுவாமல் ஓடிவந்து சேர்த்துவிட்டார்.

பாலம்மா அன்றைக்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ராஜலிங்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியும். மறுநாள் காலையில் ஒரு பெட்டி சூடத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொல்லி, தேயிலை மலை ஓரத்து முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோயில் என்றால் ஒரு மரம், ஒரு கல், ஊன்றிய சூலம், நாலு தகரம். ராஜலிங்கம் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தார். அப்படி அணைத்துச் சத்தியம் பண்ணினால் மலையில் அதற்கு மேல் பேச்சில்லை. கையில் அந்தத் தழும்பு கொஞ்ச நாள் இருந்து மறைந்துபோனது. சத்தியம் மறையவில்லை. சர்மிளா படித்து முடித்து, பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ராஜலிங்கம் இன்னும் ஒரு சொட்டுத் தொடவில்லை.

இப்போது போத்தலின் கதைக்கு வருவோம்.

இரண்டு வருடத்துக்கு முன் டங்கன் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் அந்த ஹோட்டலில் நீண்ட நாள் தங்கியிருந்தார். ஊரில் சின்னதாக ஒரு பியர் தொழில் வைத்திருந்தார். ஒரு நாள் மாலை, பாரில் இருந்த நம் ஊர்ச் சாராயத்தைக் குடித்துவிட்டு, "இதை எந்த மரத்தில் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஹல்மில்ல மரப் பீப்பாய் என்று ராஜலிங்கம் சொன்னார். அப்படி ஒரு பழைய பீப்பாய் கிடைத்தால், தன் ஊரில் காய்ச்சும் ஸ்கொட்ச் ஏலை அதற்குள் ஊற்றி ஊற வைத்துப் பார்க்கலாமே என்று டங்கனுக்கு ஆசை வந்தது. ஸ்கொட்ச் ஏல் என்றால் விஸ்கி அல்ல. கறுத்த, இனிப்பான, கனமான ஒருவகை பியர்.

பாலம்மாவின் தம்பி சுரேஸ் குருணாகல் ரோட்டில் ஒரு சாராயக் கிடங்கில் மூட்டை முடிச்சு ஏற்றுகிற வேலை செய்தான். அங்கே பழைய பீப்பாய்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ராஜலிங்கம் டங்கனைக் கூட்டிப்போனார். வெயிலில் சில பீப்பாய்கள் உருட்டி விடப்பட்டிருந்தன. டங்கன் தட்டிப் பார்த்தார், இரும்பு வளையத்தை ஆட்டிப் பார்த்தார், பிறகு, "ராஜ், நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

மோந்து பார்க்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை. ராஜலிங்கம் ஒவ்வொரு பீப்பாயின் ஓட்டையிலும் மூக்கை வைத்தார். ஒன்றில் புளித்த வாசம். ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் மூக்கை வைத்தவர் எடுக்க மறந்துபோய் அப்படியே குனிந்து நின்றார். அதற்குள் அவருடைய பழைய மாலைகள் எல்லாம் இருந்தன. "இது" என்றார். அந்தப் பீப்பாய்தான் கப்பல் ஏறியது.

அதில் ஊறிய ஏலில் கொஞ்சம் போத்தல்களே நிரம்பின. அதில் ஒன்றுதான் மேஸுக்குள் வந்திருந்தது. டங்கன் போனில் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார். இங்கே குடித்தவர்கள் நல்லது என்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு உங்கள் சாராயத்தைத் தெரியாது, அந்தப் பீப்பாய் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இருந்தால் மறுபடி செய்வேன், இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். குளிர வைக்காமல் குடியுங்கள் என்றும் ஒரு வரி.

ராஜலிங்கம் அதைப் பல தடவை வாசித்தார். இத்தனை வருடத்தில் அவருடைய சொந்த வாயை யாரும் கேட்டதில்லை. இது வேறொரு விருந்தாளியிடமிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய பதிலும் அல்ல. கண்டியில் இந்தப் பானத்தை வேறு யாரும் குடித்ததில்லை. டங்கனுக்கு அவர் குடிக்காத கதை தெரியாது. பார்மேனிடம் போய் யார் அதைக் கேட்பார்கள்?

இதெல்லாம் ஒரு பக்கம். அவருக்குக் குடித்துப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. அதுதான் உண்மை. தான் மூக்கை வைத்துத் தெரிந்தெடுத்த பீப்பாய் கடல் தாண்டிப் போய் என்னவாகித் திரும்பி வந்திருக்கிறது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய்.

வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒளிக்கவில்லை. மேஸோடு அலுமாரியின் மேல் வைத்தார். பாலம்மா அடுப்படியில் மறுநாளைக்கு மரக்கறி அரிந்துகொண்டிருந்தார். அவர் வீட்டிலேயே சோத்துப் பார்சல் கட்டி ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். கத்தி நிற்கவில்லை. கண் மட்டும் அலுமாரிக்குப் போய் வந்தது.

"அது என்னா, மேஸ் போட்டுக்கிட்டு நிக்குது?"

ராஜலிங்கம் சொன்னார். பீப்பாய்க் கதை பாலம்மாவுக்கு முன்பே தெரியும். செய்தியையும் தமிழில் சொன்னார்.

"அப்ப நீங்க குடிச்சுச் சொல்லணுமாம்."

"அப்படித்தான் கேட்டுருக்காரு."

"என்னா சொல்லப் போறீங்க?"

"யோசிக்கிறேன்."

வேலை முடிந்து வந்த சர்மிளா போத்தலை இறக்கி, ஒட்டியிருந்த தாளை வாசித்துப் பார்த்தாள். "அம்மா, இதுல கிறிஸ்மஸ் கேக் செஞ்சா எப்படி இருக்கும் தெரியுமா? கேக்குல போட்டா அப்பாவும் சாப்பிடலாம்" என்றாள்.

"ஆமா, ஒங்கப்பா கேக்கு சாப்பிட்டுட்டு கலகெதரைக்குப் போவாரு" என்றார் பாலம்மா.

சர்மிளா சிரித்துவிட்டாள். ராஜலிங்கமும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில், "ஒரு வாய் குடிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாலம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார், அது ராஜலிங்கத்துக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லாமல் மரக்கறி அரிந்துகொண்டே இருந்திருப்பார். அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போத்தல் அலுமாரி மேலேயே நின்றது. டங்கனுக்குப் பதில் போகவில்லை. ராஜலிங்கம் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனார். "என்ன அண்ணே, மேஸ் இன்னும் ஈக்கா?" என்று அஸ்ஃபர் கேட்பான். "இருக்கு" என்பார் இவர்.

அந்த மாதம்தான் முனியாண்டி பூசை வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை கோழி அறுத்து, சோறு பொங்கி, சுருட்டும் சாராயமும் வைத்துப் படைப்பார்கள். சாராயம் கொண்டுவரும் முறை ஒவ்வொரு வருடமும் ஒரு வீட்டுக்கு. இந்த வருடம் ராஜலிங்கம் வீட்டு முறை. அவர் தவறணைப் படி ஏற மாட்டார் என்பதால், சுரேஸ் வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

வழக்கமாகப் பூசை ஞாயிற்றுக்கிழமை நடக்கும். இப்போது லயத்தில் பாதிப் பேர் டவுனில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை. ஞாயிறு லீவு கிடைக்காது. அதனால் இந்த முறை எல்லாருக்கும் லீவு இருக்கிற பௌர்ணமிப் போயா நாளில் வைத்தார்கள். பார் மூடியிருக்கும், ராஜலிங்கமும் வீட்டில் இருப்பார். எல்லாருக்கும் வசதி. அது போயா என்பதால்தான் வசதி என்று தெரிந்த ஆட்களுக்கு, போயா என்றால் நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

சுரேஸ் எப்போதும் போலப் பூசைக் காலையில் கடைக்குப் போனான். வெறுங்கையோடு வந்தான்.

"எல்லாம் பூட்டு அக்கா."

"ஏன்டா?"

"போயா."

பாலம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "கலண்டர் பாக்கலயா நீ?"

"கலண்டரப் பாத்துத்தானக்கா பூசையப் போயாவுக்கே வச்சோம்."

"சாராயக் கெடங்குல வேல செய்றவன் நீ. ஒனக்கே தெரியலன்னா யாருக்குடா தெரியும்?"

"கெடங்கும் பூட்டு" என்றான் சுரேஸ். "கீழ் லயத்துல களவாக் காய்ச்சுன கசிப்பு இருக்காம். வாங்கட்டுமா?"

பூசாரி அழகையா காதில் அது விழுந்துவிட்டது. "முனிக்குக் கசிப்பா?" என்றார் அவர். "நீங்க வைங்க. நான் மணி அடிக்க மாட்டேன். நாளைக்கு வாய் கோணிக்கிட்டா என்கிட்ட வரவும் கூடாது."

அந்த நேரம் ராஜலிங்கம் மேலே கோயிலில் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. கோழிக்குழம்பு இறக்கி, சோறு வடித்து, இலை விரித்துப் படைக்க எல்லாரும் கூடிய பிறகுதான் பாலம்மா மேலே ஏறி வந்தார். முந்தானைக்குள் ஏதோ இருந்தது. எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். கறுப்புப் போத்தல். மேஸ் இல்லை.

ராஜலிங்கத்தின் கையில் சுத்தியல் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். இத்தனை பேர் நடுவில் சாமிக்கு முன்னால் வைத்ததை எடு என்று சொல்ல முடியுமா? பாலம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"கேக்காம எடுத்துட்டேன். நம்ம மொறை. வேற வழி தெரியல."

ராஜலிங்கத்துக்கு ஒரு பக்கம் போத்தல் போகிறதே என்று இருந்தது. இன்னொரு பக்கம் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

அழகையா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா சரக்கு?"

"ஸ்கொட்ச்" என்றான் சுரேஸ். கூடியிருந்த ஆண்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

"ஸ்கொட்ச் ஏல்" என்று ராஜலிங்கம் திருத்தினார். "பியர் சாதி."

"மெழுகு ஊத்தி அடைச்சிருக்கு" என்றார் அழகையா. அது அவருக்குப் பிடித்திருந்தது. "யாரும் எச்சில் பண்ணல. இப்படித்தான் வைக்கணும். இதத் தொறக்கத் தெரிஞ்ச ஆளு நீதான்டா, ராஜலிங்கம். வா."

சாவிக்கொத்தில் எப்போதும் தொங்குகிற திறப்பான் இருந்தது. ராஜலிங்கம் மெழுகை நகத்தால் உடைத்து, மூடியை மெல்ல நெம்பினார். மெல்லிய ஒரு சீறல் வந்தது. நுரை பொங்கி வழியும் என்று பக்கத்தில் நின்றவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். பொங்கவில்லை. அழகையா பித்தளைத் தம்ளரில் ஊற்றினார். கருங்காலி நிறத்தில் இறங்கி, ஓரத்தில் தேன் நிறமாகத் தெரிந்தது. மேலே விரல் பருமனுக்குப் பழுப்பு நுரை படிந்தது.

பூசை நடந்தது. வெயில் இலை இடுக்கில் இறங்கித் தம்ளரின்மேல் விழுந்தது. சுருட்டைப் பற்ற வைத்துக் கல்லின் முன்னால் சாய்த்து வைத்தார்கள். சூடம் எரிந்தது. ராஜலிங்கம் கைகூப்பி நின்றார். மூக்கு மட்டும் தம்ளரிடம் போயிருந்தது. சுருட்டும் சூடமும் கோழிக்குழம்பும் எல்லாமாகச் சேர்ந்து அடித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை.

முனிக்கு வைத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே முடிக்க வேண்டும். அழகையா தம்ளரை நீட்ட, ஆண்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து, உதடு படாமல் வாயில் ஊற்றிக்கொண்டார்கள். குடித்தவர்களின் முகத்தையே ராஜலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா? என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டினார்.

"இருமல் பாணி மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

"சூடா வேற இருக்கு. ஐஸ்ல வச்சிருக்கலாம்."

"முனிக்கு ஐஸ் பெட்டி வாங்கிக் குடுப்பமா?" என்றார் அழகையா.

சுரேஸ் இரண்டாவது தடவையும் அண்ணாந்தான். "மச்சான், இது ஏறுமா?"

"பீப்பா வாசம் இருக்காடா?" என்று கேட்டார் ராஜலிங்கம். "நீ தினம் அங்கதானே நிக்கிற."

சுரேஸ் நாக்கைச் சப்புக்கொட்டினான். "தினம் அங்கதானே நிக்கிறேன் மச்சான். எனக்கு எல்லாத்துலயும் அந்த வாசம்தான். எங்கூட்டுத் தண்ணியிலயும் அதான்."

போத்தல் சரிந்துகொண்டே வந்தது. கடைசியாக அழகையா அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தம்ளரில் அரைக்கு மேல் வந்து நின்றது. அதை ராஜலிங்கத்திடம் நீட்டினார்.

"இது ஒங்க வீட்டு மொறை. மிச்சம் ஒனக்கு. சாமிக்கு வச்சது, வேணாங்கக் கூடாது."

ராஜலிங்கம் சூடம் அணைத்த கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். அணைத்தது இதே கல்லுக்கு முன்னால். ராஜலிங்கம் தம்ளரை வாங்கினார். வெயிலில் இருந்த பித்தளை கையில் சூடாக இருந்தது. இப்போது மூக்குக்கு நேரே வாசம் வந்தது. இனிப்பு வந்தது, அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. யார் என்று பார்க்க ஒரு வாய் போதும்.

பாலம்மா பெண்களோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். அங்கிருந்தே சொன்னார்.

"வாங்கிக்கங்க. சாமி குடுத்தது. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் அதை மனசோடுதான் சொன்னார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருடமாக ராஜலிங்கம் கேட்கத் தயங்கிய அனுமதி, கேட்காமலே எல்லார் முன்னாலும் கிடைத்துவிட்டது. சாமியும் சரி என்கிறது, சம்சாரமும் சரி என்கிறது. இனி யாரும் தடுக்கவில்லை.

அவர் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொஞ்ச நேரம் அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்புப் பக்கம் நடந்து வந்து பாலம்மாவிடம் நீட்டினார்.

"எனக்கு ஒரு வாய்ன்னா எவ்வளவுன்னு தெரியாது பாலம்மா" என்றார். "எப்பவுமே தெரிஞ்சதில்ல. நீ குடிச்சுச் சொல்லு."

பெண்கள் பக்கம் ஒரு குசுகுசுப்பு ஓடியது. முனியின் சாராயத்தை அங்கே பெண்கள் தொட்டதில்லை. "சூப்பர் அக்கா, சியர்ஸ் சொல்லுங்க" என்றான் சுரேஸ். "நீ வாய மூடு, கலண்டர்" என்றார் பாலம்மா. அழகையா என்ன சொல்வாரோ என்று எல்லாரும் திரும்பினார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "அவங்க வீட்டு மொறை" என்றார். "யாரு குடிச்சா என்னா, முடிச்சாச் சரி."

பாலம்மா தம்ளரை வாங்கிக்கொண்டார். அண்ணாந்து ஊற்றவில்லை. குழம்பு உப்பு பார்க்கிற மாதிரி, உள்ளங்கையில் கொஞ்சம் சரித்து, நக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி கொஞ்சம் சரித்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"பாணி" என்றார். "கித்துள் பாணி, அந்தப் பாகு. நல்ல பாணி இல்ல, அடிப்பிடிச்சது. சட்டியில கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்குமே, பிள்ளைங்க கரண்டியால சொரண்டித் திங்குமே, அது."

"ம்" என்றார் ராஜலிங்கம்.

"பேரீச்சம்பழம். நோம்புக்கு அஸ்ஃபர் தம்பி வீட்டுல குடுத்து விட்டாங்களே, அந்தக் கறுப்புப் பழம். பெறகு..." இன்னொரு தடவை கையில் சரித்தார். "பெறகு பின்னால இழுக்குது. பாலில்லாம பிளேன்டி கடுப்பாக் குடிச்சா நாக்கு காயுமே அப்படி. பொகை கொஞ்சம் இருக்கு. அது இதுலயா, இந்தச் சுருட்டுலயா, அது எனக்குத் தெரியல."

"மர வாசம்?"

"இருக்கு. மழைக்காலத்துல அலுமாரியத் தொறந்தா வரும்ல."

சாராய வாசம் இருக்கிறதா என்று கேட்க ராஜலிங்கம் தயங்கினார். பாலம்மா அந்தப் பீப்பாயைப் பார்த்ததுகூட இல்லை. சாராயத்தை வாயில் வைத்ததும் இல்லை. அவரிடம் போய் அதைக் கேட்டு என்ன பயன் என்று நினைத்தார். ஆனால் பாலம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கையை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக.

"எது?"

"ஒங்க சட்டை. அந்தக் காலத்துல நீங்க வீட்டுக்கு வந்து கழட்டிப் போட்டா, மறுநாள் நான் தொவைக்க எடுக்கிறப்ப அதுல ஒரு வாசம் அடிக்கும். ரெண்டு தடவை சோப்புப் போட்டாலும் கழுத்துப் பக்கம் போகாது. அது இதுல இருக்கு. மேல இல்ல. அடியில, ரொம்ப அடியில. மத்ததெல்லாம் போன பெறகு கடைசியா வருது."

யாரும் சிரிக்கவில்லை. பாலம்மா கண்ணைத் திறந்து, மிச்சம் இருந்ததைப் பார்த்தார். பிறகு ஒரேயடியாக அண்ணாந்து ஊற்றி முடித்துவிட்டு, தம்ளரைக் கழுவப் போட்டார்.

அன்று மாலை ராஜலிங்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து டங்கனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். ஹோட்டல் ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். தான் குடிப்பதில்லை என்றும், ஏன் என்றும் முதலில் சொன்னார். குடித்தது தன் மனைவி என்றார். அடிப்பிடித்த பாணியைச் சொன்னார், பேரீச்சம்பழத்தைச் சொன்னார், கடுப்புத் தேநீரைச் சொன்னார். புகை மட்டும் சந்தேகம் என்று சொன்னார். கடைசியில் சட்டையைச் சொன்னார். பீப்பாய் உள்ளே இருக்கிறது, அடியில் இருக்கிறது, அதைத் துவைத்த ஆளே சொல்கிறார் என்று முடித்தார். வழக்கம்போல இன்னொருவர் வாயிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தார். ஆனால் இந்த முறை அது யாருடைய வாய் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பதில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. பாலம்மா மறுநாள் பார்சலுக்குப் பருப்பு களைந்துகொண்டிருந்தார். ராஜலிங்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த பீப்பா போடப் போறாராம்" என்றார். "ஒங்கிட்ட ஒன்னு கேக்கச் சொல்லிருக்காரு. நீ சொன்னத போத்தல்ல ஒட்டுற தாள்ல போடலாமான்னு."

"எத?"

"சட்டைய."

பாலம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரு சட்டைன்னு கேப்பாங்க. அசிங்கம். வேணாம்னு சொல்லுங்க. பாணியப் போடச் சொல்லுங்க."

"சரி."

அவர் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"என்னா?"

"அந்தப் பேரீச்சம்பழத்துக்கும் சட்டைக்கும் நடுவுல ஏதோ சொன்னியே. நாக்கு காயுற மாதிரின்னு. அது ஒடனே வந்துச்சா, கொஞ்சம் பொறுத்தா?"

"கொஞ்சம் பொறுத்து."

"எவ்வளவு பொறுத்து?"

"மனுசிய வேல செய்ய விடுங்க" என்றார் பாலம்மா. பருப்பைக் களைந்த தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "அடுத்த தடவ அனுப்பினா ரெண்டா அனுப்பச் சொல்லுங்க. ஒன்னு சாமிக்கு."

"மத்தது?"

"மத்தத நான் ஆற அமரக் குடிச்சுட்டுச் சொல்றேன். அங்க நின்னுக்கிட்டு, எல்லாரும் வாயப் பாத்துக்கிட்டு இருந்தா என்னாத்தச் சொல்றது?"

ராஜலிங்கம் போனில் அதையும் தட்டினார். மேஸ் அலுமாரிக்கு மேல் தனியாகக் கிடந்தது. பாலம்மா அதை எடுத்து உதறி, துவைக்கிற உடுப்புகளோடு போட்டார்.